600 வீரர்களைக் கொடுத்து வாங்கிய பீங்கான்: வாசகர் கேள்வி – பதில்

சீன, கொரிய, ஜப்பானியப் பீங்கான்கள் செல்வத்துக்கும் அந்தஸ்துக்கும் அடையாளமானது எப்படி என்பதைப் பற்றி வந்த கேள்விகளில் சில. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: பீங்கானும் மண்பாண்டத்தின் ஒரு வகைதானே? அதற்குப் பொன்னுக்கு நிகரான மதிப்பு எப்படி வந்தது?

மண்தான். ஆனால் அதற்கு இரண்டு பொருள்கள் ஒன்றாகக் கிடைக்க வேண்டும், அவற்றைச் சுடத் தெரிந்த சூளையும் வேண்டும். முதல் பொருள் காவோலின் என்ற வெள்ளைக் களிமண். சீனாவின் ஜிங்டெஜென் நகரத்துக்கு அருகே உள்ள காவோலிங் என்ற இடத்தின் பெயரே அந்த மண்ணுக்கு வந்தது. தனியாகச் சுட்டால் 1,700 டிகிரி செல்சியஸ் தாண்டியும் உருகாது. இரண்டாவது பொருள் ஒருவகை வெள்ளைக் கல். அதை இடித்து, நீரில் கலக்கி, வண்டலை எடுத்துச் சிறு செங்கல் போல வார்த்து விற்பார்கள். 'வெள்ளைச் சிறு கட்டி' என்பதுதான் அதன் சீனப் பெயருக்குப் பொருள். 1,280 முதல் 1,350 டிகிரிக்குள் இந்தக் கல் உருகிக் கண்ணாடியாகி, உருகாத காவோலின் துகள்களைக் கவ்விக்கொள்கிறது. கல் அதிகமானால் பாத்திரம் சூளைக்குள்ளேயே தொய்ந்து சரியும். காவோலின் அதிகமானால், அல்லது சூடு போதாவிட்டால், இறுகாமல் நீரை உறிஞ்சும்.

சரியாக வந்தால் கிடைப்பது, வெளிச்சத்தில் பிடித்தால் விரலின் நிழல் தெரிகிற, சுண்டினால் மணி போல் ஒலிக்கிற, எண்ணெயோ வாடையோ ஒட்டாத ஒரு வெள்ளைப் பாத்திரம். ஜிங்டெஜெனில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் தாந்தர்கோல் 1712-இல் எழுதிய கடிதத்தில், ஒரு பாத்திரம் முடிவதற்குள் எழுபது பேர் கைக்குப் போய் வருகிறது என்கிறார். மண் பிசைய ஒருவர், வனைய ஒருவர், விளிம்பில் நீலக் கோடு மட்டும் போட ஒருவர் என்று வேலை பிரிந்திருந்தது.

பொன்னை எந்த அரசரும் தன் பொற்கொல்லரிடம் கொடுத்துக் கிண்ணம் செய்யச் சொல்லலாம். பீங்கானை அப்படிச் செய்ய முடியவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பாவின் பேரரசர்களால்கூட அதை வாங்க முடிந்ததே தவிர, அச்சு அசலாகச் செய்ய முடியவில்லை. பணம் இருந்தும் செய்ய முடியாத பொருள் என்பதில்தான் அதன் கவர்ச்சி இருந்தது.

கேள்வி: சீன அரண்மனையில் மஞ்சள் கிண்ணத்தைப் பேரரசர் மட்டும்தான் பயன்படுத்தலாமா?

இல்லை. ஆனால் யார் எந்த அளவு மஞ்சளைப் பயன்படுத்தலாம் என்பதற்குச் சீனாவின் கடைசி அரசமரபான சிங் மரபில் எழுதப்பட்ட விதியே இருந்தது. பேரரசரின் தாய்க்கும் பட்டத்தரசிக்கும் உள்ளும் புறமும் மஞ்சள். அவர்களுக்கு அடுத்த நிலை அரசிக்கு வெளியே மஞ்சள், உள்ளே வெள்ளை. அதற்கும் அடுத்த இரண்டு நிலையினருக்கு மஞ்சள் பின்னணியில் பச்சை டிராகன். அதற்குக் கீழே நீலப் பின்னணியில் மஞ்சள் டிராகன். இன்னும் கீழே பச்சைப் பின்னணியில் ஊதா டிராகன். அதற்கும் கீழே பல வண்ணத்தில் சிவப்பு டிராகன்.

முதல் இரண்டு நிலைகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். பந்தியில் தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு கிண்ணமும் ஒன்றுதான். சோறு தீர்ந்து அடி தெரியும்போதுதான் யார் பட்டத்தரசி என்பது வெளிப்படும். அந்தஸ்தைச் சாப்பிடுகிறவருக்கே ஒவ்வொரு வேளையும் நினைவூட்டுகிற ஏற்பாடு இது.

வழிபாட்டுக்கும் நிறப் பங்கீடு இருந்தது. மிங் பேரரசர் ஜியாஜிங் 1530-இல் பெய்ஜிங்கின் பலிபீடங்களைத் தனித்தனியாகப் பிரித்தபோது, விண்ணுக்கு நீலம், மண்ணுக்கு மஞ்சள், சூரியனுக்குச் சிவப்பு, நிலவுக்கு வெள்ளை என்று பாத்திரங்கள் வகுக்கப்பட்டன. இவற்றில் சூளைக்காரர்களைப் படாத பாடு படுத்தியது சிவப்பு. செம்பிலிருந்து வரும் அந்த நிறத்துக்குச் சூளையில் காற்று குறைவாக இருக்க வேண்டும். காற்று கூடினால் பச்சையாகிவிடும், சூடு கூடினால் செம்பு ஆவியாகி நிறமே போய்விடும், குறைந்தால் ஈரல் நிறத்தில் கறுத்து நிற்கும்.

கேள்வி: டிராகனுக்கு ஐந்து நகம் இருந்தால் அது பேரரசருடையது என்று நிச்சயமாகச் சொல்லலாமா?

சொல்ல முடியாது. ஐந்து நகம் பேரரசருக்கு, நான்கு அவருக்குக் கீழே என்ற வழக்கம் உண்மை. அரண்மனையை விட்டு வெளியே போன சில பொருள்களில் ஐந்தாவது நகத்தைச் சுரண்டி எடுத்திருப்பதையும் பார்க்கலாம். ஆனால் கட்டுப்பாடு தளர்ந்த காலங்களில் தனியார் சூளைகளும் ஐந்து நகம் வரைந்தன. இன்று பரிசுக் கடைக் குவளையிலும் அது இருக்கிறது. நகத்தை எண்ணுவதைவிட அது எப்படி வரையப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அரசுச் சூளை ஓவியரின் டிராகன் பாதம் தரையைப் பற்றும். நகல் எடுத்தவரின் டிராகன் பாதம் கோழிக்கால் போலத் தொங்கும்.

கேள்வி: ஒரு பூச்சாடியின் அடியில் ஆறு சீன எழுத்துகள் இருக்கின்றன. மிங் காலத்துச் சாடி என்று சொல்லித் தருகிறார்கள். எழுத்தை நம்பலாமா?

எழுத்தைக் கடைசியில் பாருங்கள்.

ஆறு எழுத்தும் பெரும்பாலும் மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் இருக்கும். வலப்பக்க வரிசையை முதலில், மேலிருந்து கீழே படிக்க வேண்டும். முதல் இரண்டு எழுத்து அரசமரபு, அடுத்த இரண்டு ஆட்சிப் பெயர், கடைசி இரண்டு 'ஆண்டில் செய்தது' என்று பொருள் தரும். 'பெரு மிங், செங்குவா ஆண்டில் செய்தது' என்று இருந்தால் 1465 முதல் 1487 வரை என்று எடுத்துக்கொள்ள மனம் துடிக்கும். அவசரப்பட வேண்டாம். இருநூறு ஆண்டு கழித்துச் சிங் பேரரசர் காங்சி காலத்துக் குயவர்களும் முன்னோர் மேல் கொண்ட மரியாதையால் அதே பெயரை எழுதினார்கள். ஜப்பானின் அரிதா ஊர்க் குயவர்களும் எழுதினார்கள். 1677-இல் ஜிங்டெஜென் பகுதி அதிகாரி ஒருவர், உடைந்தால் பேரரசரின் பெயர் காலில் மிதிபடும் என்று, நடப்பு ஆட்சிப் பெயரை எழுதவே தடை போட்டார். அதனால் அக்காலத்து நல்ல பாத்திரங்களின் அடியில் இரட்டை நீல வளையத்துக்குள் ஓர் இலை இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. மறுபுறம் 19-ஆம் நூற்றாண்டில் காங்சி பெயரைத் தாராளமாக எழுதித் தள்ளினார்கள். ஆக, பெயர் இல்லாத சாடி அசலாகவும், பெயர் உள்ளது பிந்தியதாகவும் இருக்கலாம்.

முதலில் சாடியைக் கவிழ்த்து அடிவளையத்தைப் பாருங்கள். மெருகு (சூளையில் உருகிக் கண்ணாடி போல ஒட்டும் மேற்பூச்சு) பூசாத அந்த விளிம்பில்தான் உள் மண் தெரியும். அரசுச் சூளைப் பொருளில் மண் மாவு போல நுண்மையாக, விரலுக்கு வழவழப்பாக இருக்கும். கொரகொரப்பாக, ஒட்டிய மணலோடு இருந்தால் பெரும்பாலும் தனியார் சூளை. தேநீரோ இரும்புக் கறையோ தடவிப் பழுப்பாக்கியிருந்தால் நிறம் ஒரே சீராகப் பரவியிருக்கும். உண்மையான சூளைச் சிவப்பு, மெருகும் மண்ணும் சந்திக்கிற கோட்டில் மெல்லிய இழையாக நிற்கும்.

அடுத்து தேய்மானம். பல தலைமுறை கை பட்ட பொருளில் கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும். மேசையில் உட்காரும் இடத்திலும் மூடி உரசும் இடத்திலும் மட்டும் அதிகம் இருக்கும். உப்புத்தாளால் தேய்த்ததில் கீறல்கள் ஒரே திசையில், யாரும் தொடாத மடிப்பிலும்கூட இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். புது மெருகின் பளபளப்பைக் குறைக்க அமிலத்தில் முக்கியிருந்தால் லென்ஸில் பரப்பு முழுக்க ஊசி குத்தினாற்போல் நுண்குழிகள் தெரியும்.

பிறகு நீலம். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயன்பட்ட கோபால்ட் என்ற நீல நிறப் பொருள் மேற்காசியாவிலிருந்து வந்தது. அதில் இரும்பு அதிகம், மாங்கனீசு குறைவு. தூரிகை தங்கிய இடங்களில் நீலம் கறுத்துப் புள்ளியாகி மெருகுக்குள் இறங்கியிருக்கும். சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் அந்த இடம் சற்றுக் குழிந்து, உலோக மினுக்கோடு தெரியும். போலி செய்பவர் இந்தப் புள்ளிகளைத் தூரிகையால் வேண்டுமென்றே வைப்பார். அதனால் அவை கோடு நெடுக ஒழுங்கான இடைவெளியில் வரும், குழி இருக்காது.

இவை எல்லாம் தேறிய பிறகு எழுத்தைப் பாருங்கள். அப்போது அது சாட்சி சொல்லும். சுட்ட காலத்தைக் கணிக்கும் வெப்ப ஒளிர்வுச் சோதனையின் சான்றிதழைக் காட்டினால், மாதிரியை எந்த இடத்திலிருந்து துளைத்து எடுத்தார்கள் என்று கேளுங்கள். பழைய அடிப்பகுதியைப் புதிய உடலோடு ஒட்டி, அடியில் மட்டும் துளைத்துச் சான்றிதழ் வாங்குவது ஓர் அரதப் பழைய தந்திரம். சோதனை சரியாகவே நடந்திருந்தாலும் அது பழையதா புதியதா என்று சொல்லுமே தவிர, எந்தப் பேரரசரின் ஆட்சி என்று சொல்லாது.

கேள்வி: 2014-இல் ஒரு சின்னக் கோப்பை கோடிக்கணக்கில் ஏலம் போனது. சேவலும் கோழியும் வரைந்த கோப்பைக்கு ஏன் அத்தனை விலை?

ஹாங்காங்கில் சோதபீஸ் நடத்திய ஏலத்தில் 28 கோடியே 12 லட்சம் ஹாங்காங் டாலருக்குப் போன செங்குவா காலத்துக் கோப்பை அது. வாய் அகலம் சுமார் 8 சென்டிமீட்டர். வாங்கிய ஷாங்காய்த் தொழிலதிபர் லியு யிசியான் அதில் தேநீர் ஊற்றிக் குடித்தார். படம் உலகம் முழுக்கப் பரவியது. சிலர் முகம் சுளித்தார்கள். கோப்பை குடிக்கத்தானே என்று நாம் கேட்கலாம்.

அதைச் செய்வதற்கு இரண்டு சூடு வேண்டும். இன்னும் சுடாத பாத்திரத்தில் நீலத்தால் மெல்லிய வெளிக்கோடு வரைந்து, மெருகு பூசி, 1,300 டிகிரி அளவில் சுட வேண்டும். பிறகு அந்தக் கோட்டுக்குள் சிவப்பு, மஞ்சள், பச்சையை நிரப்பி, 700–800 டிகிரியில் மறுபடி சுட வேண்டும். நீலக் கோடு மெருகுக்கு அடியில், வண்ணம் மெருகுக்கு மேலே. இரண்டும் ஒன்றையொன்று தொட்டு நிற்பதால் இதற்குச் சீனத்தில் 'மோதும் வண்ணம்' என்ற பொருளில் பெயர். சுவர் மெலிதாக இருப்பதால் முதல் சூட்டிலேயே வாய் கோணும். தப்பினால் இரண்டாம் சூட்டில் வண்ணம் கோட்டைத் தாண்டி வழியும்.

ஆனால் கடினம் மட்டுமே விலையாகாது. ஜிங்டெஜெனின் சூஷான் பகுதியில் இருந்த மிங் அரசுச் சூளையில் சிறு குறை கண்டாலும் பாத்திரத்தை உடைத்துக் குழியில் புதைத்தார்கள். அந்தக் குழிகளைத் தோண்டிய தொல்லியலாளர்கள் ஓடுகளை ஒட்டி முழுப் பாத்திரங்களை மீட்டிருக்கிறார்கள். அவற்றில் பலவற்றைப் பார்த்தால் எதற்காக ஒதுக்கினார்கள் என்றே நமக்குப் புரியாது. அரண்மனைக்குப் போகாதது வேறு எவர் வீட்டுக்கும் போகக் கூடாது என்பதுதான் நோக்கம். கிடைப்பதற்கு அருமையாக இருந்தது தற்செயல் இல்லை, சம்மட்டியால் உண்டாக்கியது.

இந்தக் கொள்கை எல்லாக் காலத்திலும் ஒன்றாக இல்லை. மிங்குக்கு முந்தைய சொங் காலத்து எழுத்தாளர் சோ ஹுய், ரூ என்ற சூளையின் பாத்திரங்களில் அரசர் வேண்டாமென்று ஒதுக்கியவற்றை மட்டும் வெளியே விற்க அனுமதித்தார்கள் என்று குறிக்கிறார். சிங் பேரரசர் சியன்லோங் 1742-இல், ஒதுக்கியவற்றை அங்கேயே விற்றுவிடலாம் என்றார். சூளையின் மேற்பார்வையாளர் தாங் யிங்குக்கு அது பிடிக்கவில்லை. அரண்மனை வடிவங்கள் சந்தைக்குப் போனால் மரியாதை என்னாவது என்பது அவர் கவலை. மஞ்சள் பாத்திரங்களுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது.

கேள்வி: ரூ பாத்திரங்களில் முழுக்க விரிசல். விரிசல் விட்ட பாத்திரத்தைப் போய் உயர்ந்தது என்கிறார்களே?

பாத்திரம் விரியவில்லை, மேலே உள்ள மெருகு மட்டும்தான். ஆறும்போது மெருகு உள்மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால், இறுக்கம் தாங்காமல் வலை போலப் பிளக்கும். தேநீர்க் கிண்ணத்தில் அப்படி நேர்ந்தால் கறை ஏறும், சாதாரணக் குயவருக்கு அது குறைதான். 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சொங் அரண்மனையின் ரசனை அதைப் பனிக்கட்டி வெடிப்பாகப் பார்த்தது. வானம் வெளுத்தாற்போன்ற அந்த நீலப்பச்சை, மெருகில் இருக்கும் சிறிதளவு இரும்பு, காற்றுக் குறைந்த சூளையில் சுடப்படுவதால் வருவது. பாத்திரத்தின் அடி வரை மெருகு பூசி, எள் அளவான முட்கள் மேல் நிறுத்திச் சுட்டார்கள். அடியில் எள் போன்ற வெண்தழும்புகள் இருப்பது அதனால்தான்.

ஹெனானின் பாவோஃபெங் பகுதியில் கொஞ்ச காலமே இயங்கிய சூளை இது. உலகம் முழுவதும் நூற்றுக்கும் குறைவான ரூ பாத்திரங்களே எஞ்சியுள்ளன. 2017-இல் 13 சென்டிமீட்டர் அகலமான ஒரு தூரிகை கழுவும் கிண்ணம் 29 கோடியே 43 லட்சம் ஹாங்காங் டாலருக்குப் போனது. அதில் ஓவியமோ பொன்னோ இல்லை. அதைப் பார்த்து ரசிக்கக் கல்வி வேண்டும் என்ற எண்ணமே அதன் அந்தஸ்தாக இருந்தது.

கேள்வி: ஜப்பானில் கோணலும் மாணலுமான கிண்ணத்துக்கு ஒரு மாகாணத்தின் மதிப்பு என்று படித்தேன். உண்மையா?

16-ஆம் நூற்றாண்டு ஜப்பானில் தேநீர்ச் சடங்குப் பாத்திரங்கள் அரசியல் நாணயம். போர்த்தலைவர் ஓடா நொபுனாகா பேர்பெற்ற பாத்திரங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார், போரில் வென்ற தளபதிகளுக்கு நிலத்துக்குப் பதிலாக அவற்றைக் கொடுத்தார். நிலம் அளவுக்குட்பட்டது, பாத்திரத்தின் புகழை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். அவருடைய தளபதி தகிகாவா கசுமாசு, 1582-இல் ஒரு மாகாணம் கிடைத்தபோது, தான் கேட்ட தேயிலைச் சிமிழ் கிடைக்கவில்லையே என்று வருந்தியதாகச் சொல்வார்கள்.

எந்தப் பொருளுக்கு இந்த மதிப்பு என்பதுதான் வேடிக்கை. 'இதோ' வகைக் கிண்ணங்கள் கொரியாவில் சாதாரணப் புழக்கத்துக்குச் செய்தவை. அவற்றில் கிசாயெமோன் என்று பெயரிட்ட ஒன்று இன்று ஜப்பானின் தேசியச் செல்வம். லூசோன் சாடிகள் இன்னும் ஒரு படி மேல். தென்சீனாவில் சரக்கு அடைக்கச் செய்த முரட்டுச் சாடிகள் பிலிப்பைன்ஸில் கிடந்தன. 1594-இல் சகாய் நகர வணிகர் நயா சுகேசாயெமோன் அவற்றில் ஐம்பதைக் கொண்டுவந்து அப்போது ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியிடம் காட்ட, பிரபுக்கள் தேயிலை வைக்கும் சாடியாக அவற்றைப் போட்டி போட்டு வாங்கினார்கள். செய்த ஊரில் அவற்றை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பாத்திரத்தோடு அதன் வம்சாவளியும் கைமாறும். தேநீர் ஆசான் கையெழுத்திட்ட மரப்பெட்டி, பட்டுப்பை, முன் உரிமையாளர்களின் பெயர்கள். பெட்டிக்கு வெளியே பெட்டி என்று மூன்றடுக்கு வருவதும் உண்டு. பெட்டி தொலைந்தால் அதே கிண்ணம் பெயரில்லாத கிண்ணம். ஆகவே ஜப்பானியப் பாத்திரம் வாங்குபவர் பெட்டியின் மூடியில் உள்ள பெயரும் உள்ளிருக்கும் பொருளும் பொருந்துகின்றனவா, பள்ளத்தில் பாத்திரம் இறுக்கமாக உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல பெட்டியில் மட்டமான கிண்ணத்தை வைத்து விற்பது எளிது.

ட்சுகுமோ நாசு என்ற தேயிலைச் சிமிழ் 1568-இல் நொபுனாகாவுக்குக் காணிக்கையாகப் போனது. 1615-இல் ஒசாகா கோட்டை எரிந்தபோது சாம்பலிலிருந்து துண்டுகளாகப் பொறுக்கி, அரக்கு வேலைக்காரர்கள் அதை மறுபடி சேர்த்தார்கள். எக்ஸ்-கதிரில் பார்த்தால் உள்ளே துண்டுகள்தான், வெளிப்பரப்பு முழுக்க அரக்கு. இருந்தும் அதன் மதிப்புக்கு ஒரு குறைவும் வரவில்லை. டோக்கியோவின் செய்காடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கேள்வி: கொரியப் பாத்திரங்கள் ஏன் வெறும் வெள்ளையாக இருக்கின்றன? ஏழ்மையா, எளிமையா?

இரண்டும் கலந்தது, சட்டமும் சேர்ந்தது. ஜோசான் அரசுக்கு முன்பிருந்த கொர்யோ அரசில் நிலை வேறு. 1123-இல் வந்த சீனத் தூதர் சூ ஜிங் அவர்களுடைய பச்சைப் பாத்திரங்களின் நிறத்தைத் தனியாகக் குறித்துவைக்கும் அளவு பகட்டு இருந்தது. பின்வந்த ஜோசான் அரசு கன்பூசியக் கொள்கையை ஏற்றது. 15-ஆம் நூற்றாண்டில் செஜோங் காலத்தில் வெள்ளைப் பீங்கான் அரசரின் பாத்திரமாயிற்று. தலைநகரை ஒட்டிய குவாங்ஜுவில் அரசுச் சூளைகள் இயங்கின. கோபால்ட் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலை அதிகம். ஆகவே நீலச் சித்திரம் வரைய அரண்மனை ஓவியர்களையே சூளைக்கு அனுப்பினார்கள். யார் நீலம் தீட்டிய பாத்திரம் பயன்படுத்தலாம் என்பதைச் சட்டம் கட்டுப்படுத்தியது.

1592-இல் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பும் பின்னர் மஞ்சூரியப் படையெடுப்பும் நாட்டை உலுக்கியதில் கோபால்ட் கிடைக்கவில்லை. அரச விழாவுக்கான டிராகன் சாடிகளைக்கூட இரும்புப் பழுப்பில் வரைந்தார்கள். அந்தப் பஞ்ச காலச் சாடி ஒன்று 1996-இல் நியூயார்க்கில் 84 லட்சம் டாலருக்குப் போனது.

நிலாச் சாடி பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். 40 சென்டிமீட்டருக்கு மேல் உயரமான உருண்டையை ஒரே மூச்சில் வனைந்தால் ஈரமண் தன் எடையிலேயே அமுங்கும். அதனால் இரண்டு பெரிய கிண்ணங்களை வனைந்து வாயோடு வாய் ஒட்டினார்கள். நடுவயிற்றில் அந்த ஒட்டு மேடாகத் தெரியும், சுடும்போது ஒரு பக்கம் சரியும். முற்றிலும் வட்டமாக, ஒட்டே தெரியாமல் இருந்தால் அச்சில் வார்த்த புதுச் சாடியோ என்று சந்தேகியுங்கள்.

கேள்வி: ஒரு ஐரோப்பிய மன்னர் படைவீரர்களைக் கொடுத்துப் பீங்கான் வாங்கினாராமே?

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியின் ஆட்சியாளரும் போலந்து மன்னருமான அகஸ்டஸ். 1717-இல் பிரஷ்ய மன்னர் பிரெடரிக் வில்லியத்துக்கு 600 குதிரைப்படை வீரர்களைக் கொடுத்து, 151 சீனப் பீங்கான்களை வாங்கினார். வீரர்கள் மட்டும்தான், குதிரையும் ஆயுதமும் சேர்த்தி இல்லை. பிரஷ்யருக்குப் பீங்கான் பைத்தியம் கிடையாது, படைப் பைத்தியம் உண்டு. அகஸ்டஸ் தன் பைத்தியத்தைத் தானே 'பீங்கான் நோய்' என்றார். அந்த மாற்றில் வந்த, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமான மூடியிட்ட நீலச் சாடிகளை இன்றும் டிராகூன் சாடி என்றே அழைக்கிறார்கள். டிராகூன் என்றால் அந்தக் குதிரைப்படை. டிரெஸ்டனில் பார்க்கலாம்.

இத்தனைக்கும் அப்போது அவரிடமே பீங்கான் ஆலை இருந்தது. பொன் செய்து தருவதாகச் சொன்ன பாட்கர் என்ற இளைஞரைக் காவலில் வைத்து, அறிஞர் சிர்ன்ஹவுஸோடு சேர்த்து வேலை வாங்கியதில், 1708 வாக்கில் பீங்கானின் ரகசியம் பிடிபட்டது. 1710-இல் மைசென் ஆலை தொடங்கியது. ஆனாலும் ஆசியப் பொருள்களைச் சேர்ப்பதை அவர் விடவில்லை.

அதற்கு நூறு ஆண்டு முன்பு, 1603-இல் டச்சுக்காரர்கள் பிடித்த சாண்டா கத்தரீனா என்ற போர்த்துகீசியக் கப்பலின் பீங்கான் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போனபோது பிரான்ஸ் மன்னரும் இங்கிலாந்து மன்னரும் வாங்கினார்கள். பின்னர் பிரபுக்கள் தங்கள் குலச்சின்னம் வரைந்த விருந்துத் தட்டுகளுக்குச் சீனாவில் ஆர்டர் கொடுத்தார்கள். சின்னத்தின் படம் கப்பலில் போய், தட்டு திரும்பி வர இரண்டு ஆண்டு ஆகும். படத்தில் தவறு இருந்தால் அதுவும் நூற்றுக்கணக்கான தட்டுகளில் பத்திரமாக வந்து சேரும்.

கேள்வி: விஷம் கலந்த உணவை வைத்தால் பச்சைச் சீனப் பாத்திரம் உடையும் என்பது உண்மையா?

இல்லை. ஒட்டோமான் அரண்மனை போன்ற இடங்களில் அப்படி நம்பினார்கள். இறுகிச் சுட்ட மெருகு எந்த விஷத்தோடும் வினை புரியாது. இஸ்தான்புல்லின் தோப்கப்பி அரண்மனையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனப் பாத்திரங்கள் சேர்ந்ததற்கு இந்த நம்பிக்கையைவிட விருந்தின் பகட்டே பெரிய காரணம்.

கேள்வி: அரண்மனைக்கு வெளியே, சாதாரண மக்களிடம் பீங்கான் அந்தஸ்துப் பொருளாக இருந்ததா?

போர்னியோவின் தயாக் மக்களிடம் பெரிய சீனச் சாடிகள் தலைமுறைச் சொத்து. மணப்பரிசாகவும் குற்றத்துக்கு அபராதமாகவும் அவற்றைக் கொடுத்தார்கள். இறந்தவரை அவற்றில் வைத்து அடக்கம் செய்ததும் உண்டு. சாடிக்குப் பெயரும் ஆவியும் உண்டு என்று நம்பினார்கள். கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில், இன்றைய தான்சானியாவின் குந்துச்சி போன்ற இடங்களில், பணக்காரரின் கல்லறைத் தூண்களில் சீனக் கிண்ணங்களைப் பதித்தார்கள். சாப்பிட உதவாதபடி சுவரில் பதிப்பதைவிடப் பெரிய பகட்டு ஏது?

கேள்வி: உடைந்த கிண்ணத்தைப் பொன்னால் ஒட்டினால் மதிப்பு கூடுமா? எப்படி ஒட்டுகிறார்கள்?

தேநீர்க் கிண்ணத்துக்குக் கூடலாம். சீன அரசுச் சூளைப் பாத்திரத்துக்குக் கூடாது. அங்கே ஒரு மயிரிழை விரிசலே விலையைப் பாதாளத்துக்குத் தள்ளிவிடும். சந்தைக்குச் சந்தை நியாயம் வேறு.

கின்சுகி என்ற இந்த ஜப்பானிய முறையில் ஒட்டுவது பொன் அல்ல, உருஷி என்ற மரப்பால் அரக்கு. கோதுமை மாவை நீரில் பிசைந்து அரக்கோடு கலந்து, இரு விளிம்பிலும் மெல்லியதாகத் தடவி, சற்று நேரம் விட்டுச் சேர்க்க வேண்டும். பிறகு 70 முதல் 85 சதவீத ஈரப்பதமும் 20 முதல் 30 டிகிரி வெப்பமும் உள்ள மூடிய பெட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டும். இந்த அரக்கு காய்ந்து இறுகுவதில்லை, ஈரத்தைக் கொண்டுதான் இறுகும். வெயிலில் வைத்தால் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். சில்லு போன இடத்தை நுண்மண் பொடி கலந்த அரக்கால் அடுக்கடுக்காக நிரப்பித் தேய்க்க வேண்டும். ஒரே அடுக்காகத் தடித்துப் போட்டால் மேல்தோல் மட்டும் இறுகிச் சுருங்கிவிடும். கடைசியில் கோட்டின் மேல் சிவப்பு அரக்கை மெல்லியதாகத் தீட்டி, அது பாதி இறுகிய நிலையில் பொன்தூளைத் தூவ வேண்டும். முந்தித் தூவினால் தூள் மூழ்கும், பிந்தினால் ஒட்டாது. இறுகாத அரக்கு தோலில் பட்டால் கொப்புளம் வரும், கையுறை அவசியம்.

எபாக்சி பசையில் பித்தளைத் தூள் கலந்து ஒட்டியதையும் இதே பெயரில் விற்கிறார்கள். அலமாரிக்குச் சரி, அதில் தேநீர் குடிக்க வேண்டாம்.

கேள்வி: பழைய பீங்கானை எப்படிக் கழுவி வைப்பது?

பிளாஸ்டிக் தொட்டியில், அடியில் துணி விரித்து, வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். காரம் மிகுந்த சோப்பும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் மெருகுக்கு மேலுள்ள வண்ணத்தையும் பொன் கோட்டையும் அரித்துவிடும். ஒட்டிய பாத்திரத்தை ஊற வைக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். தூக்கும்போது கைப்பிடியையோ வாயையோ பிடிக்காமல் அடியில் ஒரு கை, உடலில் ஒரு கை. தட்டுகளைச் சுவரில் மாட்டும் ஸ்பிரிங் கம்பி நாளடைவில் விளிம்பைக் கடித்துச் சில்லாக்கும். ஏற்கெனவே மாட்டியிருந்தால் கம்பியை இழுத்துக் கழற்ற வேண்டாம், வெட்டி எடுங்கள்.